லேக் ஏரியா

பெருங்குடி, ஆறாவது மாடி. இரவு ஷிப்டில்
என் பங்குக்கு முப்பத்தொரு ஏரிகள்.
எல்லாம் ஸ்காட்லாந்தின் வடகோடியில்,
மலைகளுக்கு நடுவிலும் தீவுகளுக்கு உள்ளேயும்.
பழைய தாளின் ஸ்கேன் மீது
புள்ளி புள்ளியாய் ஆழத்தைத் தட்டெழுத வேண்டும்.
தவறினால் மறுநாள் இன்பராஜ் சிவப்பில் வட்டமிடுவான்.

நூறு வருஷம் முன்பு யாரோ
துடுப்புப் படகில் போய்
கம்பி நுனியில் ஈயக்குண்டு கட்டி
இறக்கி, இறக்கி, தரை தட்டியதும்
இழுத்து எழுதிய எண்கள்.
12. 40. 118. 306.
கரையிலிருந்து நாலே புள்ளியில் முந்நூறு அடி.
விரைத்த விரலின் கையெழுத்து
ஏழுகளைப் பார்த்தாலே தெரிகிறது:
ஒன்றாகவே இருந்துவிடலாமா என்று தயங்கும் ஏழுகள்.

அங்கே ஏரிக்கு லாக் என்று பெயர்.
முதல் வாரம் முழுக்க
பூட்டிய ஏரி என்றே நினைத்திருந்தேன்.
பெரிய தப்பில்லை. மரமற்ற குன்றுகள் சுற்றி நிற்க
சாவியை நடுவில் எறிந்துவிட்டு
யாரோ போன மாதிரிதான் இருக்கிறது.
தண்ணீர் டிகாக்‌ஷன் நிறமாம்,
புல்லும் பாசியும் மக்கிய கரிமண் ஊறி.
ஒரே தாளில், கறுப்பு ஏரி என்ற பெயரிலேயே ஐந்து.
கூப்பிட்டால் எது திரும்பிப் பார்க்கும்?
பெயரே இல்லாதவை அதைவிட நிறைய.
கடலுக்குள் தீவு, தீவுக்குள் ஏரி,
ஏரிக்குள் இன்னொரு தீவு, அதில் ஒரு குட்டை.
அந்தக் குட்டைக்கும்
ஒருத்தன் கம்பி விட்டிருக்கிறான்: 4.

மென்பொருளில் ஒரு விதி உண்டு.
அளவு தெரியாத இடத்தை வெறுமனே விடக் கூடாது.
சைபரும் போடக் கூடாது, சைபர் என்றால் கரை.
மைனஸ் 9999 போட வேண்டும்.
தெரியாது என்பதற்கு
அவ்வளவு பெரிய பள்ளம்.

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு முகவரி
லேக் வியூ ரோடு.
ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசிப் பெட்டி.
நாத்தனார் வீடு நுங்கம்பாக்கம், லேக் ஏரியா.
கல்யாணப் பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து
அதை ஒரு கேள்வியாகவே படிக்கிறேன்:
லேக்...
ஏரியா?
பதில் சொல்ல வேண்டிய தண்ணீர்
மனையாகி, மாடியாகி,
மெட்ரோ லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறது.
எங்கள் போர் முந்நூறு அடி.
ஆழத்துக்கு நமக்கும் பஞ்சமில்லை.

டிசம்பர். மூன்று நாள் மழை.
விடிகாலை நாலு மணிக்குக் கம்பெனி வண்டி
துரைசாமி சப்வேக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கினால்
கரண்ட் இல்லை, தெரு இல்லை.
ஏரி இருந்தது.
பட்டா கேட்காமல், பெயர்ப் பலகையைப் பார்க்காமல்
ஷட்டர்களில் சாய்ந்து படுத்திருந்தது.
கறுப்பு ஏரி, ஆறாவது.

செருப்பைக் கையில் எடுத்தேன்.
மருந்துக்கடை வாசல்: கணுக்கால்.
ஜெராக்ஸ் கடை: முழங்கால்.
அரசமரத்தடிப் பிள்ளையார்:
அவருக்குத் தொந்தி வரை, எனக்குத் தொடை.

ஏடிஎம் காவலாளி தவசிமுத்து
மாப் குச்சியைத் தலைகீழாய்ப் பிடித்து
எனக்கு முன்னால் நடந்தார்,
மூடி திறந்த சாக்கடை எங்கே என்று
குத்திக் குத்திப் பார்த்தபடி.
தட்டிய இடத்தில் நின்று சத்தமாகச் சொன்னார்,
பின்னால் வந்த பால் பாக்கெட் பையனுக்கும்
அவன் பின்னால் நீந்திய நாய்க்கும் கேட்க:
"இங்க ரெண்டடி, வாங்க."
"இங்க ரெண்டரை."
"மெதுவா. மூணு."
நான் மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன்,
கரையிலிருந்து எத்தனையாவது புள்ளி என்று.

என் வீட்டுக் கேட்டுக்குப் பத்தடி முன்
குச்சி இறங்கியது,
அவர் கை நனைய இறங்கியது,
தரை தட்டவில்லை.

திரும்பிப் பார்த்தார்.
"இது தெரியலம்மா," என்றார்.
"சுத்திப் போவோம்."